பழைய பேட்டரியும் பிள்ளையின் இரத்தமும்

ஆலந்தலையில் நாங்கள் நடத்திய மருத்துவ முகாம் ஒன்றில், சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வந்த ஒரு தாயார் கேட்டது தம் நோயைப் பற்றிய கேள்வி அன்று. “என் மருமவன் பழைய பேட்டரிய வாங்கிட்டு வந்து முத்தத்துல வச்சு சரிபண்ணி விக்காரு டாக்டரய்யா. காசும் வருது. பேரப்பிள்ளையளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?” என்றார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்களும் விடையைக் கேட்க நெருங்கி வந்தார்கள்.

முகாமின் அவசரத்தில் முழு விடை கூற இயலவில்லை. ‘ஆகும்’ என்றோ ‘ஆகாது’ என்றோ ஒரே சொல்லில் முடியும் கேள்வியும் அன்று அது. நம் கரையில் ‘பேட்டரியைச் சரிசெய்தல்’ எனப்படுவதில் இருவேறு வேலைகள் அடங்கியுள்ளன. ஒன்று, பேட்டரியின் பெட்டியைப் பிளக்காமல் செய்வது. மற்றொன்று, பெட்டியைப் பிளந்து உள்ளே இருக்கும் ஈயத்தைக் கையாள்வது. முதலாவது கவனத்துடன் செய்யக்கூடியது. அதனால் மிச்சமாகும் பணமும் மெய்யானதே. இரண்டாவதை வீட்டில் செய்வதற்கு இடமே இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை எங்கே உள்ளது, அதைத் தாண்டினால் குடும்பத்தில் யார் முதலில் நோயுறுகிறார்கள் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

பேட்டரி ஏன் இறந்துபோகிறது?

காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரியை 1859-இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். இன்று நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு அடியில் இருப்பதும், ஃபைபர் படகில் விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் மின்சாரம் தருவதும் பெரும்பாலும் அதே வகைதான். வெளியுறை மாறியிருக்கிறது, உள்ளே நிகழும் வேதிவினை மாறவில்லை.

பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் என்னும் வெண்ணிறப் பொருள் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மீண்டும் சார்ஜ் செய்தால் அந்தப் படிவு கரைந்து, அமிலம் பழைய வலிமையைப் பெறுகிறது. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் மென்மையாக இருந்த படிவு இறுகிப் படிகமாகிவிடும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில், கவனிப்பாரின்றிக் கிடக்கும் பேட்டரிகளுக்கு நேர்வது இதுவே. காற்றுக் காலத்தில் தொழிலுக்குப் போகாத சிறு படகுகளின் பேட்டரிகளுக்கும் இதே நிலைதான். கடலுக்குப் புறப்படும் நாளில் “சார்ஜ் நிக்கமாட்டேங்குது” என்ற குறை எழுகிறது.

இவ்வாறு நோயுற்ற பேட்டரிகளில் ஒரு பகுதியை மீட்க முடியும். அறைகளின் மூடிகளைக் கழற்றி, தகடுகள் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றி, குறைந்த மின்னோட்டத்தில் நீண்ட நேரம் சார்ஜ் செய்வதே அடிப்படை முறை. இறுகத் தொடங்கிய படிவில் ஓரளவு இதனால் கரையும். பேட்டரிக் கடைகளில் உள்ள துடிப்பு மின்னோட்டக் கருவிகள் செய்ய முயல்வதும் இதையே. அறைகளின் மூடியைக் கழற்றுவது பெட்டியைப் பிளப்பது ஆகாது. நாம் கூறிய எல்லைக்கு இப்புறம்தான் அது இருக்கிறது. மூடியே இல்லாத, அடைக்கப்பட்ட பேட்டரிகள் வேறு இனம். அவற்றைத் திறக்க முயலவே வேண்டாம்.

மீளக்கூடியது எது, மீளாதது எது என்பதை முன்னரே அறிந்துகொண்டால் வீண் செலவு குறையும். முழுமையாகச் சார்ஜ் செய்து சில மணி நேரம் ஓய்வாக வைத்த 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்ன செய்தும் 10.5 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால், அதன் ஆறு அறைகளுள் ஒன்று செயலிழந்துவிட்டது என்று கொள்ளலாம். ஹைட்ரோமீட்டர் கொண்டு ஆறு அறைகளின் அமில அடர்த்தியையும் பார்ப்பது இதைவிட நல்ல சோதனை. ஐந்து அறைகள் 1.25 காட்ட, ஓர் அறை மட்டும் 1.15-இல் நின்றால் அந்தப் பேட்டரிக்கு நீரும் மின்சாரமும் செலவிடுவது பயனற்றது. தகடு அரித்துப்போனாலும், பூச்சு உதிர்ந்து அடியில் குவிந்தாலும் எந்த மருந்தும் வேலை செய்யாது.

மருந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பேட்டரிக்குள் ஆஸ்பிரின் மாத்திரையைப் போட்டால் உயிர் பெறும் என்று நம்புகிறவர்கள் உண்டு. மாரடைப்பு வந்தவருக்கு நாங்கள் தரும் அதே மாத்திரைதான். அமிலத்தில் அது சிதைந்து அசிட்டிக் அமிலமாகிறது; அசிட்டிக் அமிலம் ஈயத் தகட்டை அரிக்கும். ஒரு நாள் வண்டி கிளம்பலாம். தகட்டின் ஆயுளோ குறையும். பேதியுப்பைக் கரைத்து ஊற்றும் வழக்கத்தாலும் நிலைத்த பயன் கிடைப்பதில்லை. மாத்திரையை நோயாளிக்கே விட்டுவிடலாம்.

எல்லையைத் தாண்டும் இடம்

மீளாத பேட்டரியிலும் காசு இருக்கிறது என்பதே சிக்கலின் தொடக்கம். ஒரு பேட்டரியின் எடையில் பாதிக்கும் மேல் காரீயம். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றில் 30 கிலோ அளவுக்கு ஈயம் இருக்கக்கூடும். பெட்டியை வெட்டித் தகடுகளை எடுத்து நல்லவற்றை வேறொரு பெட்டியில் பொருத்தி விற்பதும், கெட்டவற்றை உருக்கிக் கட்டியாக்குவதும், வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக் குண்டுகளாக வார்ப்பதும் பல நாடுகளின் கடற்கரைகளில் நடக்கும் வேலைகள்.

இங்கு ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழில் ‘ஈயம்’ என்று பொதுவாக வழங்குவதில் இரண்டு உலோகங்கள் உள்ளன. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயம். பேட்டரியிலும் வலைக்குண்டிலும் இருப்பது காரீயம். “எங்க பாட்டி ஈயச்சொம்புல ரசம் வச்சு எங்களுக்கு என்ன ஆச்சு?” என்று சிலர் எங்களிடம் வாதிடுவதுண்டு. பாட்டியின் சொம்பு உண்மையான வெள்ளீயமாக இருந்தால் அவர் செய்ததில் தவறில்லை. காரீயத்தின் கதை வேறு. அதற்கு மனித உடலில் எந்த வேலையும் இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் அறியப்படவில்லை. வெள்ளீயம் என்று நம்பி வாங்கும் மலிவான சொம்பில் காரீயம் கலந்திருந்தால் அதுவும் ஆபத்தே. வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலக் கருங்கோடு விழும் சொம்பைச் சமையலறையிலிருந்து அகற்றிவிடுங்கள். கோடு விழவில்லை என்பதாலேயே சொம்பு தூயது என்று கொள்ளவும் வேண்டாம்.

காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சிரட்டைக் கனலிலும் சமையல் அடுப்பிலும் அந்த வெப்பம் எளிதாகக் கிடைக்கிறது. வேலை இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் அது வீட்டுக்குள் வருகிறது. “புகையே வரலியே” என்று உருக்குகிறவர்கள் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு; உருகும் நிலையில் ஈயத்திலிருந்து எழும் ஆவி குறைவு. அடுப்பு மிகச் சூடேறினால் ஆவியும் கூடும். ஆயினும் எங்களுக்குக் கூடுதல் கவலை தருவது தூசி. உருகிய ஈயத்தின் மேல் ஏடு போலப் படர்வதைக் கரண்டியால் வழித்து மண்ணில் கொட்டுகிறார்களே, அந்தச் சாம்பல்நிறக் கசடு ஈய ஆக்சைடு. தகட்டைத் தட்டும்போது உதிரும் பழுப்பும் வெண்மையுமான பூச்சும் ஈயச் சேர்மங்களே. காய்ந்ததும் மாவு போலப் பறக்கும். மணமில்லை, எரிச்சலில்லை, இருமலும் வராது.

அந்தத் தூசி உழைத்தவரின் தலைமுடியிலும் சட்டையிலும் உடுத்திய சாரத்திலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறது. மாலையில் அவர் பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கிறார். அவர் படுத்த பாயில் பிள்ளை தவழ்கிறது. முற்றத்து மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கிறது. விழுங்கும் ஈயத்தில் பெரியவரின் உடல் ஏற்பதைப் போல நான்கு முதல் ஐந்து மடங்கு வரை குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடுதல். அது சென்று சேரும் இடமோ வளர்ந்துகொண்டிருக்கும் மூளை.

தியாரோயில் நடந்தது

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், தலைநகர் டாக்கரின் ஓரமாக, தியாரோய்-சுர்-மேர் என்ற ஊர் இருக்கிறது. அட்லாண்டிக் கடலோர மீன்பிடி ஊர். பெயரை மாற்றிவிட்டால் அதன் மணலும் படகும் நமக்கு அந்நியமாகத் தோன்றா. அங்கே ஒரு குடியிருப்பில் பல ஆண்டுகளாகப் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து வந்தார்கள். மண்ணில் ஈயம் ஊறியிருந்தது. உலகச் சந்தையில் ஈயத்தின் விலை ஏறியபோது, அந்த மண்ணைச் சலித்தால் ஈயத் துணுக்குகள் கிடைக்கும், விற்கலாம் என்று ஊரார் கண்டுகொண்டார்கள். பெண்கள் மண்ணைச் சலித்தார்கள். குழந்தைகள் அருகில் விளையாடினார்கள். மூட்டைகளில் மண்ணை அள்ளி வீட்டுக்கும் கொண்டுபோனார்கள்.

2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அந்தக் குடியிருப்பில் 18 குழந்தைகள் இறந்தார்கள். மூளையையும் நரம்புகளையும் விரைவாகத் தாக்கிய அந்த நோய் இன்னதென்று முதலில் புரியவில்லை. பின்னர் இறந்த குழந்தைகளின் உடன்பிறந்தாரையும் தாய்மாரையும் சோதித்தபோதுதான் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பது வெளிப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2008 ஜூனில் சென்று 50 குழந்தைகளைச் சோதித்தது. அவர்களுள் ஒருவர்கூடத் தப்பவில்லை. மிகக் குறைந்த அளவே ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சுமார் 40 மைக்ரோகிராம். மிகுதியானது 600-க்கும் மேல். இன்று 5 மைக்ரோகிராமைக் கண்டாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதே நிறுவனம் கூறுகிறது.

அந்தத் தாய்மார் யாரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். வீட்டுக்குச் சிறு வருமானம் தேடினார்கள், அவ்வளவே. எங்களிடம் வருகிறவர்களும் அப்படிப்பட்டவர்கள்தாம். அதனால்தான் தியாரோயை இவ்வளவு நீட்டிக் கூறினோம்.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது பெரும் நன்மை. ஆனால் இன்று உலகம் பயன்படுத்தும் ஈயத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பேட்டரிகளுக்கே செல்கிறது. யுனிசெஃப் நிறுவனமும் ‘பியூர் எர்த்’ அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடி வரையிலான குழந்தைகளின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் மிகப் பெரிய பங்கு நம் நாட்டுக் குழந்தைகளுடையது. பழைய பேட்டரிகளை முறையின்றி உடைப்பதும் உருக்குவதும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று என அவ்வறிக்கை கூறுகிறது.

எதைக் கண்டு ஐயுற வேண்டும்?

தியாரோயில் போல வலிப்பும் மயக்கமும் வருவது ஈயம் மிக மிகுந்த நிலையில்தான். நம்மிடையே கூடுதலாக எதிர்பார்க்க வேண்டியது அமைதியான வடிவம். குழந்தை அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், மலச்சிக்கல் இருக்கும், சோறு வேண்டாம் என்னும், முகம் வெளுத்திருக்கும். பூச்சி மருந்து கொடுத்தாலும் வலி தீராது, இரும்புச் சத்து மருந்து கொடுத்தாலும் இரத்தம் ஏறாது. முன்பு அமைதியாக இருந்த பிள்ளை சிடுசிடுக்கும், பாடத்தில் பின்தங்கும். பேசத் தொடங்கிய மழலை பேச்சைக் குறைத்துக்கொள்ளும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் வேறு நூறு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரும் ஈயத்தை எண்ணாமல் போக வாய்ப்புண்டு. வீட்டில் பேட்டரி உடைப்பதையோ ஈயம் உருக்குவதையோ நீங்களாகவே சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் பல சோதனைகளை மிச்சப்படுத்தும்.

பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் உயர்தல், மூட்டு வலி, தலைவலி, கடும் வயிற்று வலி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வரலாம். நெடுங்காலம் இவ்வேலை செய்தவர்களுக்கு மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப்போவதும், ஈறுகளின் ஓரத்தில் நீலக்கோடு தோன்றுவதும் உண்டு. கருவுற்ற பெண்களைத் தனியே குறிப்பிட வேண்டும். உடலில் சேர்ந்த ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் பல பத்தாண்டுகள் தங்குகிறது. கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது ஈயமும் கரைந்து கருவிலிருக்கும் சிசுவை அடைகிறது. இளமையில் ஈயத் தூசியில் வளர்ந்த பெண், திருமணமாகி வேறு ஊர் சென்ற பின்னும் இதைத் தம் மகப்பேறு மருத்துவரிடம் கூற வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை இடையில் நிறுத்தாமல் உட்கொள்ள வேண்டும்.

நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. நரம்பிலிருந்து எடுத்த இரத்தம் வேண்டும். எல்லா ஆய்வகங்களிலும் இந்தச் சோதனை இல்லை. மாதிரியை எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் முடிவு வரச் சில நாள்கள் ஆகலாம். 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து அதை அகற்றுவதே முதல் சிகிச்சை. 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 45-ஐ எட்டினால், ஈயத்தைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் தருகிறோம். மருந்து உட்கொள்ளும் பிள்ளை மறுபடியும் அதே முற்றத்துக்குத் திரும்பினால் பயனில்லை. இரத்தத்தில் குறைந்த அளவு எலும்பிலிருந்தும் மண்ணிலிருந்தும் மீண்டும் ஏறிவிடும். சிறு வயதில் மூளைக்கு நேர்ந்த இழப்பை இம்மருந்துகளால் திருப்பித் தரவும் முடியாது. பெற்றோரிடம் இதைச் சொல்வதுதான் எங்களுக்குக் கடினமான பகுதி.

வெல்லமும் வாழைப்பழமும் பாலும் ஈயத்தை முறித்துவிடும் என்ற நம்பிக்கை தொழிலாளரிடையே பரவலாக உள்ளது. வயிறு நிறைய உண்பதும், இரும்பும் கால்சியமும் போதிய அளவில் இருப்பதும் ஈயம் உடலில் ஏறுவதைச் சற்றுக் குறைக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியவற்றை அதற்காகவே பரிந்துரைக்கிறோம். ஏறிவிட்ட ஈயத்தை இறக்கும் ஆற்றல் எந்த உணவுக்கும் இல்லை.

பெட்டியைப் பிளக்காதவர்களுக்கும் சில எச்சரிக்கைகள்

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது வெடிக்கும் தன்மை பெறுகிறது. நம் வீடுகளில் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியோ விளக்கோ எரியும் அறையில்தான் பல நேரம் இன்வெர்ட்டரும் இருக்கிறது. காற்றோட்டமுள்ள இடத்துக்குப் பேட்டரியை மாற்றுங்கள். சார்ஜரை அணைத்த பின்னரே கிளிப்பைக் கழற்றுங்கள். கழற்றும்போது தெறிக்கும் பொறி பேட்டரியை வெடிக்கச் செய்து முகத்தில் அமிலத்தை வாரி இறைக்கும்.

கண்ணில் அமிலம் பட்டால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் கழுவ வேண்டும். இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். எங்களிடம் வந்த பின்னும் முதலில் நாங்கள் செய்வது கழுவுவதே. இடைப்பட்ட நேரத்தில் கருவிழி வெந்துவிடக்கூடும். கடலில் இருக்கும்போது நேர்ந்தால் கேனில் உள்ள குடிநீரைப் பயன்படுத்துங்கள். அதுவும் தீர்ந்துவிட்டால் கடல்நீராலாவது உடனே கழுவுங்கள். கரை சேரும்வரை காத்திருக்க வேண்டாம். தாய்ப்பால், எலுமிச்சை, சமையல் சோடா எதையும் கண்ணில் விடலாகாது. தோலில் பட்டால் நனைந்த உடையைக் களைந்துவிட்டு அதே போலக் கழுவுங்கள். பற்பசையும் மையும் புண்ணை மறைத்து எங்கள் வேலையைத் தாமதப்படுத்துவதன்றி வேறொன்றும் செய்வதில்லை.

அமிலத்தைக் குடிநீர்ப் பாட்டிலில் வாங்கி வைப்பதை எவ்வளவு வன்மையாகக் கண்டித்தாலும் தகும். தாகத்தில் வந்த ஒருவர் அதை எடுத்துக் குடித்தால் உணவுக்குழாய் வெந்து, வாழ்நாள் முழுவதும் கஞ்சியைக் கூட விழுங்க இயலாத நிலை வரலாம். அவ்வாறு குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பு நீரும் கொடுக்காதீர்கள். 108-ஐ அழைத்து உடனே அழைத்து வாருங்கள்.

கடற்கரைக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. பேட்டரிக்குள் உப்புநீர் புகுந்தால் குளோரின் வாயு உண்டாகும். மூச்சுக்குழலையும் நுரையீரலையும் அது புண்ணாக்கும். அலையில் நனைந்த படகுப் பேட்டரி மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால் அதைக் கிளறாமல் விலகுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியை மீட்க முயல்வது கூடாது. அதைக் கடையில் ஒப்படைத்துவிடுவதே முறை. லித்தியம் பேட்டரி மூழ்கியிருந்தால் பல நாள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும். வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருக்கும் நோயாளிகளின் குடும்பத்தினர் அடுத்த சில வரிகளைக் கவனமாகப் படிக்கக் கோருகிறோம். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கருவி சுமார் 350 வாட் மின்சாரம் எடுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி அளவுள்ள புதிய பேட்டரியே, இழப்புகளைக் கழித்தால், ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான் அதை இயக்கும். மீட்டெடுத்த பேட்டரியின் கொள்ளளவு பாதியாக இருந்தாலும் வோல்ட் மீட்டர் நிறைந்ததாகவே காட்டும். குறை தெரிவது மின்சாரம் போன பிறகு, நள்ளிரவில், கருவி பாதியில் நிற்கும்போதுதான். மீட்ட பேட்டரி விளக்குக்கும் மின்விசிறிக்கும் இருக்கட்டும். மூச்சுக்குத் துணையான கருவிக்கு நல்ல பேட்டரியும், அதற்கு மேல் நிரப்பிய ஆக்சிஜன் உருளை ஒன்றும் கட்டாயம் வேண்டும். மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று நேரம் குறித்துப் பாருங்கள். அப்போது நோயாளி உருளையின் ஆக்சிஜனில் இருக்கட்டும்.

மீளாத பேட்டரியை என்ன செய்வது?

புதிய பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால், உடைத்து ஈயம் விற்பவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது சிறு தொகையே. அதிலும் விறகும் உழைப்பும் கழிய வேண்டும். 2022 ஆகஸ்டில் வெளியான பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் உரியவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பை நுகர்வோருக்கும் அளித்துள்ளன. பழைய பேட்டரியைப் புதுப்பிப்பதைத் தொழிலாகச் செய்பவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இதில் ஈடுபாடும் கைத்திறனும் உள்ள இளைஞர்கள் பதிவு பெற்ற பணிமனையில் வேலை கற்றுக்கொள்வது நல்லது. அங்கு வேலை முடிந்ததும் குளித்து, உடை மாற்றிக்கொண்டு வீடு திரும்ப வழி செய்து தரும்படி கேளுங்கள்.

முற்றத்தில் ஏற்கெனவே பேட்டரி உடைத்தவர்கள் அவ்விடத்தைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசிதான் பறக்கும். தரையை ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் இட்டு அகற்றுங்கள். மேல்மண்ணை நனைத்து எடுத்துவிட்டு நல்ல மண்ணோ சிமெண்டோ கொண்டு மூடும்வரை குழந்தைகளை அங்கு விடாதீர்கள். அப்படி எடுத்த மண்ணைக் கடற்கரையிலோ கிணற்றடியிலோ கொட்டலாகாது. அதை எங்கே சேர்ப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வேலை உடைகளைப் பிள்ளைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். காலியான பேட்டரிப் பெட்டியில் தண்ணீர் பிடிப்பதும் கீரை வளர்ப்பதும் கூடாது. ஈயம் உருக்கிய சட்டியை எவ்வளவு தேய்த்தாலும் அது மீண்டும் சமையலுக்கு ஆகாது.

இத்தகைய வேலை நடந்த வீடுகளில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் நோய்க்குறி ஏதும் இல்லாவிட்டாலும் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அடுத்து, வேலை செய்தவர். எத்தனை மாதம், எந்த இடத்தில், எதை உருக்கினீர்கள் என்பதை எழுதி எடுத்து வாருங்கள். வேலை செய்தவரும் உடன் வந்தால் எங்களுக்குப் பெரிதும் உதவியாக இருக்கும். அவரைக் குற்றம் சொல்ல யாரும் அங்கே இருக்கமாட்டார்கள். பரிசோதனை நாளன்று குழந்தையின் நகங்களை வெட்டி, கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, துவைத்த உடை அணிவித்து அழைத்து வாருங்கள். தோலில் ஒட்டிய தூசி ஊசியோடு கலந்தால் முடிவு தவறாகக் கூடிவிடும். வெறும் வயிறாக இருக்கத் தேவையில்லை. காலை உணவு கொடுத்தே அழைத்து வரலாம்.